மூன்று லாட் செம்பு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இல்லை, சூதாட்டம் இல்லை. நலமா என்று கேட்பதற்கு முன்னாலேயே இதை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நீ முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவாய். நான் நலம். அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா?

இரண்டே வரியில் கேட்டுவிட்டாய். "கமாடிட்டின்னா என்ன, அதுல பணம் போடலாமா, போட்டா பட்டறை மிஞ்சுமா?" கடைசியில் இருப்பதுதான் உன் கேள்வி என்று தெரியும். இருந்தாலும் வரிசையாக வருகிறேன்.

பண்டம் என்றால் முகம் இல்லாத பொருள். மோட்டாருக்கு நீ காயில் கட்டினால், இன்னார் கட்டியது என்று கேட்டு வருகிறார்கள். செம்பை அப்படி யாரும் கேட்பதில்லை. தரம் ஒன்றாக இருந்தால் எந்தச் சுரங்கத்துச் செம்பும் ஒன்றுதான். கோதுமை, பருத்தி, வெள்ளி, கச்சா எண்ணெய் எல்லாம் இப்படித்தான். யார் விளைத்தார், யார் தோண்டினார் என்பது விலையில் இல்லை. அதனால்தான் கண்ணால் பார்க்காமலே வாங்கவும் விற்கவும் முடிகிறது. இரண்டு வருடமாக இந்த அலுவலகத்தில் வாராவாரம் உலோகங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். ஒரு கிலோ செம்புக் கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்ததில்லை.

இதில் பணம் போடுபவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்குச் செம்பு வேண்டாம், விலை ஏறினால் போதும். எங்கள் டீலர் ஒருவர் சொல்வார்: "எனக்குச் செம்பும் ஒண்ணுதான் சர்க்கரையும் ஒண்ணுதான் மேடம். ஸ்க்ரீன்ல பச்சையா இருந்தா சரி." இரண்டாவது வகை நீ. உனக்கு நிஜமாகவே செம்பு வேண்டும்.

மில்காரர்கள் முந்நூறு மோட்டாருக்கு விலையை முடித்துவிட்டார்கள். எட்டு மாத வேலை. மோட்டாருக்குப் பத்து கிலோ கம்பி, மொத்தம் மூன்று டன். இன்று கிலோ எண்ணூறு. எல்லாவற்றையும் இன்றே வாங்கிப் போட உன்னிடம் பணம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும்போது விலை தொள்ளாயிரம் ஆனால் உன் கூலி கரைந்துவிடும்.

அதற்குத்தான் முன்பேர ஒப்பந்தம். நவம்பரில் தர வேண்டிய செம்புக்கு இன்றே விலை பேசிக்கொள்வது. ஒரு லாட் என்பது ஒரு டன். மூன்று லாட் வாங்கு. முழுப் பணம் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கை மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக, கட்டினால் போதும். செம்பு ஏறினால் கம்பிக்கு அதிகம் கொடுப்பாய். ஒப்பந்தத்தில் அதே அளவு லாபம் வந்து சேரும். உன் கூலி அப்படியே நிற்கும்.

கட்டடக்காரர் டிசம்பர் வரை பொறுப்பதாகச் சொன்னது உறுதிதானே? பட்டறை அறையை வாங்க முன்பணமாக நீ சேர்த்த ஆறு லட்சத்திலிருந்துதான் மார்ஜின் போகப் போகிறது. தெரிந்தேதான் சொல்கிறேன். இருபது வருடமாக நீ உட்கார்ந்திருக்கும் இடம். வேறு யாராவது வாங்கினால் மறுநாளே காலி செய்யச் சொல்வார்கள்.

வெயிலில் அலையாதே. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

மார்ச் 15

வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, காபியிலேயே ஓட்டுகிறாயா?

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்னைக்குப் பரீட்சை?" என்றாள்.

புரோக்கர் கிளைக்குப் போய் வந்தேன். மாடியில் இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சார், ட்ரேடிங் அனுபவம் உண்டா?" என்றார். "உண்டு, இருபது வருஷமா கம்பி வாங்கறேன்." "அது இல்ல சார்." "அப்ப உங்களுக்குத்தான் அனுபவம் இல்ல." சிரித்துவிட்டு நாற்பது இடத்தில் கையெழுத்து வாங்கினார். முப்பதுக்கு மேல் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

எண்ணூறு விலைக்கு மூன்று லாட். மூன்று டன் செம்பை வாங்கிவிட்டு வெறுங்கையோடு படி இறங்கினேன். ஒரு மாதிரியாக இருந்தது.

மில்லுக்கு முதலில் சாம்பிள் பத்து மோட்டார் தர வேண்டும். ஏழு முடிந்தது. ஒரு நாளில் முடிக்கிற வேலை இப்போது இரண்டு நாள் இழுக்கிறது. வயசு.

கட்டடக்காரரிடம் உறுதியாகவே கேட்டேன். "டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல என் மச்சானே வந்து கேட்டாலும் பொறுக்க மாட்டேன்." "உங்க மச்சான்கூட நீங்க பேசறதே இல்லையே." "அதான் சொல்றேன்."

ஒரு சந்தேகம். ஏறினால் சரி. இறங்கினால்?

போனில் கேட்டிருக்கலாம். பட்டறைச் சத்தத்தில் உனக்குக் கேட்காது, வீட்டில் எனக்குப் பேச வராது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய பழக்கமே நமக்குச் சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

நலம்தான். சாப்பிடுகிறேன். காபி தனி.

இறங்கினால் ஒப்பந்தத்தில் நஷ்டம். தினமும் சந்தை முடிந்ததும் விலையைப் பார்த்து, குறைந்த அளவைக் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் உன்னைக் கேட்காமலே விற்றுவிடுவார்கள். பயப்படாதே. செம்பு எழுநூறுக்கு இறங்கினால் ஒப்பந்தத்தில் கிலோவுக்கு நூறு போகும், கடையில் கம்பி கிலோவுக்கு நூறு குறையும். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டது போலத்தான். ஏறினாலும் இறங்கினாலும் உன் செம்பு எண்ணூறுதான்.

ஒரே ஒரு விதி. ஒவ்வொரு டன் கம்பி வாங்கும்போதும் ஒரு லாட்டை விற்றுவிடு. நடுவில் பயந்துபோய் விற்காதே. அப்படி விற்றால்தான் அது சூதாட்டம்.

இன்னொன்று. நீ கேட்கிற கேள்விகளை இங்கே பட்டம் வாங்கியவர்கள்கூடக் கேட்பதில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

சௌக்கியம். நீ?

செம்பு எழுநூற்றெழுபது. முந்தாநாள் கிளையிலிருந்து போன். "சார், எம்-டு-எம் வந்திருக்கு." "வந்தவரை உட்காரச் சொல்லுங்க, கைகழுவிட்டு வர்றேன்" என்றேன். பிறகுதான் அது ஆள் இல்லை, கட்ட வேண்டிய தொகை என்று புரிந்தது. தொண்ணூறாயிரம் கட்டினேன்.

வைத்திருக்கவா?

மில் வேலை நடக்கிறது. வரி கோணலாகப் போகும், பேனா சரியில்லை. அண்ணி உன்னைக் கேட்டாள்.

அண்ணன்

*

மே 9

அன்புள்ள அண்ணா,

வைத்திரு. கட்டிய தொண்ணூறாயிரத்தைக் கம்பிக் கடையில் திரும்ப எடுத்துவிடுவாய்.

முதல் டன் வாங்கியிருப்பாயே, ஒரு லாட்டை விற்றாயா? மே மாதம் வந்துவிட்டது. அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. பழைய கம்பி கையிருப்பு இருக்கிறதோ?

மேஜைமேல் இருந்த உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு டீலர் கேட்டார்: "யார் மேடம், டாக்டரா?" பேனாவை மாற்று. இரண்டாம் வகுப்பில் என் கையைப் பிடித்து எழுத வைத்தவன் நீ. மானத்தை வாங்காதே.

எனக்குப் பதவி உயர்வு வரலாம். அரையாண்டு அறிக்கையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், நாற்பது பக்கம். பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. இருவரும் நலமாக இருங்கள்.

தங்கை

*

ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு வேலை அதிகமாம், சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நாங்க நல்லா இருக்கோம். அவளையும் நல்லா இருக்கச் சொல்லு. பேனா மாத்தியாச்சு, இப்ப கையெழுத்து எப்படி இருக்குன்னு கேளு. சிரிக்காம எழுது. செம்பு எழுநூத்தி நாப்பத்தஞ்சு. கட்டிக்கிட்டே இருக்கேன். ஆமா, பழைய கம்பி கையிருப்பு இருக்கு, அவ சொன்ன மாதிரியே எழுதிக்கோ. அப்புறம் ஒரு விஷயம். பக்கத்துக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டாரு. அவரும் இதே மாதிரி மூணு லாட் வாங்கியிருக்காராம். அவருக்கு வந்த ஆர்டர் நின்னு போச்சாம். மோட்டார் இல்ல, கம்பி வாங்கற வேலை இல்ல, லாட் மட்டும் இருக்கு. அவர் என்ன பண்ணணும்? வெச்சிருக்கணுமா, வித்துடணுமா? சீக்கிரம் எழுதச் சொல்லு. அவர் தினம் கேக்கறாரு. தினம்னு எழுதாதே. எழுதிட்டியா? சரி, இருக்கட்டும்."

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா. முடிந்தால் சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி

*

ஜூலை 29

அன்புள்ள அண்ணா, அண்ணி,

ஏழு வாரம் ஆகிவிட்டது. மன்னித்துவிடுங்கள். அறிக்கை வெளியானது. பதவி உயர்வும் கிடைத்தது. இருமல் இருந்தது, இப்போது இல்லை. உங்கள் கடிதம் இத்தனை நாளும் என் பையிலேயே இருந்தது. வழக்கமான கவலை என்று நினைத்து எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடைக்காரருக்கு: ஆர்டர் நின்ற அன்றைக்கே விற்றிருக்க வேண்டும். அவருக்கும் செம்புக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. ஒப்பந்தத்தில் போவது கம்பிக் கடையில் திரும்பி வராது, ஏனென்றால் அவர் கம்பி வாங்கப் போவதில்லை. போவது போனதுதான். இன்னும் வைத்திருந்தால் இன்றைக்கே விற்கச் சொல்லுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யார் அவருக்கு இதை வாங்கச் சொன்னது? பாதி தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்டு இறங்கிவிடுகிறார்கள்.

உனக்கு: வைத்திரு. இன்று அறுநூற்றைம்பத்தைந்து. உனக்கு வேலை இருக்கிறது, கம்பி மலிவாகக் கிடைக்கும். நீ அவர் இல்லை.

அண்ணி, உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது. இவனை இனிமேல் எழுத விடாதீர்கள்.

தங்கை

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள தங்கைக்கு,

பதவி உயர்வுக்கு எங்கள் சந்தோஷம். இருமலுக்கு வெந்நீர் குடி.

பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். நன்றி சொன்னார்.

அண்ணன்

*

செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

மூன்று வரிக் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் யோசிக்கிறேன். எழுத்து முன்பைவிடப் பெரிதாக இருந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எழுதினாயா?

செம்பு திரும்பிவிட்டது. எழுநூற்று நாற்பது. மலிவாக இருந்தபோது இரண்டாவது டன்னை வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். எத்தனை மோட்டார் மில்லுக்குப் போனது? இதுவரை நீ ஒரு தடவைகூட எண்ணிக்கை எழுதவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. மார்ச்சில் ஏழு என்றாய். அதற்குப் பிறகு எண்ணே இல்லை.

டிசம்பரில் பத்திரம் பதியும்போது நான் கட்டாயம் வருவேன். பலகைக்குப் புது வண்ணம் என் செலவு.

இருவரும் நலம்தானே? இந்த முறை சடங்குக்குக் கேட்கவில்லை.

தங்கை

*

அக்டோபர் 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுகிறேன். இந்தத் தடவை அவர் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுத இந்தத் தடவை மனம் வரவில்லை.

பக்கத்துக் கடை பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது.

அவருக்கு வலது கை நடுங்குகிறது. போன வருஷமே லேசாக இருந்தது. டம்ளரைப் பிடித்தால் தளும்பும், நான் பார்த்தால் இடது கைக்கு மாற்றிக்கொள்வார். மில்லுக்குப் போன பத்து மோட்டாரில் ஆறு ஒரே வாரத்தில் புகைந்துபோய்த் திரும்பி வந்தன. ஒன்றைப் பிரித்து என்னிடம் காட்டினார். கம்பியைப் பள்ளத்தில் இறக்கும்போது விளிம்பில் உரசி மேல்பூச்சு போயிருந்தது. "பாரு, கம்பி நல்ல கம்பி. கைதான்" என்றார். ஆர்டரை நிறுத்திவிட்டதைச் சொல்ல ஏப்ரல் கடைசியில் மில் மேனேஜர் நேரிலேயே வந்தார். மரியாதையான மனிதர். "உங்க கைவேலைக்காகத்தான் வந்தோம், வேற யாரையும் நாங்க கேக்கவே இல்ல" என்றார். இவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். உனக்கு 'மில் வேலை நடக்கிறது' என்று எழுதியது அதற்கு அடுத்த வாரம்.

"லாட்டை வித்துடுங்க" என்று நான் சொன்னேன். "பயந்து விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா. இது பயமா, இல்ல வேறயான்னு எனக்குத் தெரியல. ரூல் அவளுக்குத்தான் தெரியும்" என்றார். "அப்போ உண்மையைச் சொல்லிக் கேளுங்க." "கை போச்சுன்னு தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா. இப்பத்தான் பெரிய ரிப்போர்ட் குடுத்திருக்காங்க." அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். நான் ஒரு வார்த்தை கூட்டி எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உன் பதிலுக்குக் காத்திருந்தார். தபால் வரும் நேரத்துக்குப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கிளையிலிருந்து தினமும் போன் வரும், தினமும் போய்க் கட்டுவார். அறைக்கு வைத்திருந்த பணம் தீர்ந்தது. ஜூலை இருபத்திரண்டாம் தேதி அவர்களே விற்றுவிட்டார்கள். அறுநூற்று அறுபத்தெட்டாம். மார்ஜினில் மிஞ்சியதாக, ஆறு லட்சத்தில் இரண்டு திரும்பி வந்தது. ஒரு வாரம் கழித்து உன் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. படித்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

வாங்கப் பணம் இல்லை என்று இவரே போய்ச் சொல்லிவிட்டார், கட்டடக்காரருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்வதாக எழுதித் தரச் சொல்கிறார். டாக்டர் நரம்பு என்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார். குறையும், போகாது என்கிறார்.

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. போய்விடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

அக்டோபர் 13

அன்புள்ள அண்ணா,

பாதிதான் சொல்லிக்கொடுத்தேன். எப்போது விற்கக் கூடாது என்று எழுதினேன். எப்போது விற்றே தீர வேண்டும் என்று எழுதவில்லை. விலை ஏறும், இறங்கும், மில் பணம் தாமதிக்கும், கட்டடக்காரர் மனம் மாறுவார். எல்லாவற்றையும் யோசித்தேன். உன் கை நின்றுபோகும் என்பது என் கணக்கிலேயே இல்லை. அது மாறாத ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் போட்டேன்.

அறிக்கையில் செம்புக்கு ஆறு பக்கம். ஜூன் மாதத்தில் யாரெல்லாம் விற்றார்கள், ஏன் விற்றார்கள் என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். உன் கடிதம் அப்போது நாற்காலிக்குக் கீழே, பையில்.

அந்த மனிதருக்கு எவ்வளவு சுலபமாகப் பதில் எழுதினேன் என்று

இந்தக் கடிதத்தை இதற்கு மேல் எழுதவில்லை, அனுப்பவும் இல்லை. விடுப்பு கேட்டுவிட்டு அன்றைக்கே பேருந்து ஏறினேன்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து பழைய கம்பிச் சுருள்களைத் தடிமன் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். இடது கையால்.

"வாத்தியாரம்மா. லீவா?"

"லீவு."

"எத்தனை நாள்?"

"தெரியல."

"பார்த்தியா, இதுக்குத்தான் சொல்லலை." கையிலிருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, "செம்பு எவ்வளவு இன்னைக்கு?" என்றான்.

"பாக்கலை."

"பொய் சொல்லாதே."

"எழுநூத்தி அறுபது."

"ஏறட்டும். யாருக்காவது ஆகும்." ஒரு சுருளைத் தூக்கி என் மடியில் வைத்தான். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. "கட்டடக்காரருக்கு லெட்டர் எழுதணும். நீ எழுது. என் எழுத்தைப் படிச்சா, காலி பண்றேன்னு இருக்கா, பண்ண மாட்டேன்னு இருக்கான்னு அந்தாளுக்குக் குழப்பம் வந்துடும்."

அவன் சொன்னான், நான் எழுதினேன். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம். இருபது வருடங்களுக்கு நன்றி. நன்றியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான். கையெழுத்துப் போட நேரம் எடுத்தது. காகிதம் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதை மடித்து உறையில் போட்டு, கட்டடக்காரர் வீட்டுக்கு நடந்து போய் அவரிடம் கொடுத்தேன்.